மகள் வேடம்

காலை பத்தரை மணி. பிலடெல்பியா நாடகக் கொட்டகையில் ஒத்திகை நடக்கிறது. பேசுகிறவர்கள் வாயிலிருந்து ஜனவரிக் குளிரில் ஆவி எழும்புகிறது. மயங்கி விழுந்த பதினெட்டு வயது மகளாக, ஐம்பது வயது தியோடோசியா மேடைப் பலகையில் கண்மூடிக் கிடக்கிறாள். இருபத்தாறு வருடங்களாக அது அவள் வேடம். நாடகக் கம்பெனி வழக்கப்படி, ஒரு நடிகைக்குக் கொடுத்த வேடத்தை அவளாக விட்டுக்கொடுத்தாலொழிய முதலாளிகூடத் திரும்ப வாங்க முடியாது. முன்பு காதலனாக நடித்த அவள் கணவன் ஏமஸ், இப்போது தகப்பனாக அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அவன் குனிந்து தூக்குகிறான். மூன்றாவது எட்டில் தடுமாறுகிறான்.

"கீழ போட்டுடாதீங்க," என்று கண் திறக்காமல் முணுமுணுக்கிறாள்.

"மயங்கினவ பேசக்கூடாது. காலையில மூணாவது அப்பம் வேணாம்னேன், கேட்டியா?"

அதற்குமேல் முடியவில்லை. பால் நிறைந்த பாத்திரத்தை இறக்குவதுபோல அவளை மடியில் தாங்கியபடியே தரையில் உட்கார்ந்துவிடுகிறான். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். ஓரமாக நிற்கும் இளம் நடிகை லிடியா தன் செருப்பையே பார்க்கிறாள். தியோடோசியா கண்ணைத் திறந்து, அவன் நெற்றி வியர்வையைச் சால்வை நுனியால் ஒற்றுகிறாள். பிறகு அதே சால்வைக்குள்ளிருந்து, மகள் வேடத்தின் வசனங்களை எழுதிய தாள்களை எடுக்கிறாள். ஓரமெல்லாம் துணிபோல் மென்மையாகிவிட்ட தாள்கள்.

"இன்னொரு தடவை தூக்கிப் பாருங்க. முடியலேன்னா, இதை லிடியாகிட்ட குடுத்துடுன்னு உங்க வாயால சொல்லுங்க."