மேலே போனாத்தான் தெரியும்

"இருக்கிற சீட்டை விட ஒரு டிக்கெட் கூடுதலாகப் போட்டுவிட்டோம். யாராவது ஒருவர் மனசு வைத்து சாயங்கால விமானத்தில் வந்தால், இன்னொரு முறை போய்வர இலவச டிக்கெட் தருகிறோம். மதியச் சாப்பாடும் எங்கள் செலவு. தயவுசெய்து..."

கவுன்ட்டர் பெண் மூன்றாவது தடவையாக மைக்கில் கெஞ்சினாள்.

அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். ஆளாளுக்குக் குனிந்து செல்போனைத் தடவ ஆரம்பித்தோம். நானும்தான், எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

சீட் கிடைக்காத பொண்ணு கவுன்ட்டர் பக்கத்திலேயே, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இன்னைக்கு நாலு மணிக்குள்ள நான் வேலையில சேரணும். இன்னைக்குத்தான் கடைசி நாள். விட்டா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. மூணு வருஷமா காத்திருந்து கிடைச்ச வேலைங்க..."

ஃபைலைத் திறந்து வேலை உத்தரவை எடுத்துக் காட்டினாள்.

என் மனைவி விலாவில் ஒரு இடி இடித்தாள். "ஏங்க, நீங்க வேணா சாயங்காலம் வாங்களேன். பார்க்கப் பாவமா இருக்கு."

"உன் அண்ணன் வீட்டு வாசல்ல நீ மட்டும் தனியாப் போய் நின்னா, ரெண்டு பேருக்கும் சண்டைன்னு உன் அண்ணி கதை கட்டிடுவாங்க. பேசாம இரு."

அப்போதுதான் கோட் போட்ட பெரிய மனுஷர் ஒருவர் எழுந்தார்.

"என்ன ஜனங்கய்யா நீங்க! ஒரு பொண்ணு கண் கலங்கி நிக்கிறா. ஒருத்தருக்குக்கூட ஈவிரக்கம் கிடையாதா? எனக்கு மட்டும் இன்னைக்கு ஒரு முக்கியமான மீட்டிங் இல்லேன்னா, இந்நேரம் எழுந்து கொடுத்திருப்பேன்!"

எழுந்துதான் நின்றார். கொடுக்கத்தான் இல்லை.

அதோடு விட்டாரா? வரிசை வரிசையாகப் போய் விசாரணை நடத்த ஆரம்பித்துவிட்டார். ஒருவருக்குக் கோர்ட்டில் வாய்தா. ஒரு அம்மாவுக்கு மகள் பிரசவம். கடைசி வரிசையில், அரைக்கைச் சட்டைப் பையில் குட்டி டார்ச்சைச் செருகிக்கொண்டு ஒருவர் தேமே என்று உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு அந்த ஊர்ல என்ன வேலை?"

"ஊர்லயா? ஒண்ணும் இல்ல சார். போயிட்டு இதே விமானத்துல திரும்பிடுவேன்."

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது.

"வேலை வெட்டி இல்லாம ஒரு ரவுண்டு போயிட்டு வர்றவருக்கு சீட்டா?"

"கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்?"

இரண்டாவதாகக் கத்தியது நான். நம் தலை தப்பியது என்று தெரிந்தால் கோபம் எவ்வளவு தாராளமாக வருகிறது!

அந்த மனுஷர் பதறிப்போய் எழுந்தார். "தப்பா நினைக்காதீங்க. நான் மெக்கானிக். காலையில இந்த விமானத்துல ஒரு ரிப்பேர் பார்த்தேன். தரையில ஓட்டிப் பார்த்தப்போ நல்லாத்தான் ஓடிச்சு. மேலே போனா எப்படின்னு கூடவே இருந்து பார்க்கச் சொல்லித்தான் கம்பெனியில டிக்கெட் போட்டுக் கொடுத்தாங்க."

கத்திய கூட்டம் ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தது.

"அதெல்லாம் பரவாயில்ல. அந்தப் பொண்ணு விஷயம்தான் பெரிசு. நான் நின்னுக்கிறேன், அவங்க போகட்டும்." பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "ஓடும்னுதான் நினைக்கிறேன்."

"ஐயய்யோ!" கோட்டுக்காரர் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "நீங்க எங்கேயும் போகக் கூடாது!"

இந்தப் பக்கம் கையைப் பிடித்தது நான். மனசாட்சி என்று கத்திய அதே வாயால், "உட்காருங்கண்ணே, குடிக்கத் தண்ணி வேணுமாண்ணே?" என்று குழைந்தேன்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றார் மெக்கானிக்.

கோட்டுக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார்.

"மேலே போனாத்தான் தெரியுமா?" என்று சன்னமாகக் கேட்டார்.

"ஆமா சார். சிலது கீழே சமர்த்தா இருக்கும். மேலே போனதும் ஒழுக ஆரம்பிச்சுடும்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டே கோட்டுக்காரர் விறுவிறுவென்று கவுன்ட்டருக்கு நடந்தார்.

"மேடம், என் சீட்டை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடுங்க. மீட்டிங் என்னங்க பெரிய மீட்டிங்! மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

எல்லோரும் கை தட்டினோம். அந்தப் பொண்ணு அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக் கூட வருகிறார் என்ற ஒரே தைரியத்தில் நாங்கள் ஏறினோம். நல்லவேளை, அவருக்கு எங்கள் பக்கத்து சீட். முன்வரிசையில் அந்தப் பொண்ணு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விமானம் மேலே கிளம்பியதும் என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, எஞ்சின் சத்தம் சரியாத்தானே இருக்கு?"

"எஞ்சினா? அதைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? நான் காபி மிஷின் மெக்கானிக்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"யோவ்! அதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லத்தான் சார் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் கவுன்ட்டருக்கு நடக்க ஆரம்பிச்சுட்டாரு." முன்வரிசையைக் கண்ணால் காட்டிச் சிரித்தார். "அந்தப் பொண்ணு பெல்ட்டை மாட்டற வரைக்கும் மறுபடி திறக்கக் கூடாதுன்னு மூடிக்கிட்டேன்."