வெட்டுப்பட்ட ராஜா வருகிறார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு தீபாவளி. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் சாயங்கால வெயில் ரப்பர் மரங்களுக்கிடையே சரிந்து நாடக மேடையில் விழுகிறது. ராஜாவைக் கொன்று அரியணை ஏறிய தளபதியாக அய்யாக்கண்ணு அமர்ந்திருக்கிறான். அட்டைக் கிரீடத்துக்குள் வியர்க்கிறது. தளபதி வேஷம் மச்சான் மாடசாமிக்குப் போகவிருந்தது. ‘அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு’ என்று நாடக வாத்தியாரிடம் புளுகி இவன் தட்டிக்கொண்டான். மாடசாமிக்குக் கிடைத்தது வசனமே இல்லாத வேஷம், செத்த ராஜாவின் ஆவி. இதோ, திரையை விலக்கிக்கொண்டு வருகிறான். முகத்தில் பூசிய ரப்பர் பால் காய்ந்து வெள்ளைத் தோலாக இறுகியிருக்கிறது. கண்கள் மட்டும் அய்யாக்கண்ணுவையே பார்க்கின்றன. வாளை உருவ வேண்டும், கை எழவில்லை. கூட்டத்திலிருந்து வீரம்மா சூடம் எரியும் திருநீற்றுத் தட்டோடு மேடையேறுகிறாள். “வெட்டுப்பட்டுச் செத்தவரு பேயாவா வருவாரு? சாமியால்ல வந்திருக்காரு!” குலவை கிளம்புகிறது, உடுக்கையும் சேர்ந்துகொள்கிறது. அய்யாக்கண்ணு ஆவியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். “மன்னிச்சிரு மச்சான்!” மாடசாமி தட்டிலிருந்து திருநீறு அள்ளி அவன் நெற்றியில் பூசுகிறான். “எந்திரிலா மச்சான், இன்னும் நீ சாகணும், சீன் இருக்கு,” என்று உதடு அசையாமல் சொல்லப் பார்க்கிறான், சிரிப்பு முந்திக்கொள்கிறது. காய்ந்த பால் பாதி மீசையையும் பிடுங்கிக்கொண்டு உரிய, உள்ளிருந்து மாடசாமியின் சிவந்த முகம் வெளிப்படுகிறது. கூட்டம் தோட்டமே அதிரக் கூவுகிறது. தளபதியைக் கொல்லத் திரைக்குப் பின்னால் காத்திருந்த வீரர்கள் மர ஈட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருநீற்றுக்குக் கையேந்தி ஒவ்வொருவராக மேடைக்கு வருகிறார்கள்.