அஞ்சாவது கம்ப்யூட்டர்

"மேல் வீட்டுக்கு ஒரு கோடு சிக்னல்கூட எடுக்கக் கூடாதும்மா. இப்பவே சொல்லிட்டேன்!"

வைஃபை போட வந்த பெண் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார். அவளிடம் சொல்வதை அவளைப் பார்த்துச் சொன்னால் போதாதா? நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டுமா?

மேல் வீட்டில் இருப்பது வேறு யாருமில்லை. அவருடைய கூடப் பிறந்த தம்பிதான்.

அண்ணன் கீழே, தம்பி மேலே என்று ஒற்றுமையாக இருந்தவர்கள். வைஃபைகூட இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். தம்பி நல்ல வேலையை விட்டுவிட்டுப் புதுக் கம்பெனி ஒன்றில் சேரப் போனபோது, "வேண்டாம்டா" என்றார் அண்ணன். அவன் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அண்ணன் கேட்டார் பாருங்கள், அன்றோடு பேச்சு நின்றது. தம்பி ரோஷமாக மேலே தனி கனெக்‌ஷன் வாங்கிக்கொண்டான். படியில் எதிரெதிரே வந்தால்கூட இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இப்போது கீழ் வீட்டின் பழைய ரவுட்டர் புகைந்துபோய், புதிது போடுகிறார்கள்.

மனைவி மெதுவாக அருகில் வந்தாள்.

"ஏங்க, தம்பிக்கு நாளைக்கு இன்டர்வியூவாம். கம்ப்யூட்டர்லயே கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்களாம்."

"அதுக்கு?"

"பணம் கட்டலைன்னு மேல நெட்டைக் கட் பண்ணிட்டாங்களாம். துணி காயப் போடும்போது அவர் பொண்டாட்டி சொல்லி அழுதா. இந்த வேலையும் போச்சுன்னா அவங்க என்னங்க பண்ணுவாங்க? நீங்களே கூப்பிட்டுப் பாஸ்வேர்டைக் குடுத்துடுங்களேன்."

"நானா? முடியவே முடியாது."

"கூடப் பிறந்தவர்ங்க!"

"அதனாலதான் முடியாதுங்கறேன்."

"உங்க நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். மீதிக் கோபத்தைப் பாத்திரங்கள் வாங்கிக்கொண்டன.

இப்படியும் ஒரு அண்ணனா என்று வைஃபை போட வந்த பெண்ணுக்கு மனசு கசந்தது. ஆனாலும் வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் நாலு கம்ப்யூட்டர். அவருடைய மேஜைக் கம்ப்யூட்டர், மனைவியின் ஆபீஸ் லேப்டாப், காலேஜ் போகும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொன்று.

"ரவுட்டரை ஹால் நடுவுல வச்சா நாலுக்கும் நல்லா எடுக்கும் சார்."

"ஹால்ல வேண்டாம், அசிங்கமா இருக்கும். படிக்கட்டுப் பக்கத்துல, அந்தப் பரண் மேல வை."

"அங்க வச்சா உங்க ரூம்ல சரியா எடுக்காதே சார்?"

"எனக்குக் கொஞ்சமா எடுத்தாப் போதும். நீ வை."

பிடிவாதக்காரரிடம் வாதாடிப் பயனில்லை என்று அவள் ஏணியைக் கேட்டு வாங்கினாள். ஒயரை இழுத்து, ஆணி அடித்து, பரண் மேல் ரவுட்டரை வைத்துவிட்டு இறங்கினாள்.

"வைஃபைக்கு என்ன பேர் போடட்டும் சார்?"

"பழசுக்கு என்ன பேரோ அதே பேர்."

"பாஸ்வேர்டு?"

"அதுவும் பழசுதான். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையாப் போடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், இதைச் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும். புதுசா ஒண்ணு போட்டுக்கலாமே?"

"புதுசெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதும்மா. சொன்னதைச் செய்."

வாய் இருக்கிற அளவுக்கு மனுஷனுக்கு விவரம் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் அப்படியே போட்டாள்.

நாலு கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இரண்டு பெண்களும் அறைக்குள்ளிருந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கூவினார்கள். வீட்டுக்காரர் நேரே மாடிப்படிக்குப் போய் நின்றார்.

"புது ரவுட்டர் போட்டாச்சு! பாஸ்வேர்டெல்லாம் மாத்தியாச்சு! இனிமே எந்தக் கொம்பனாலும் இதுல கை வைக்க முடியாது!"

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மாத்தவே இல்லையே, எதற்கு இந்தப் பொய் என்று அவள் விழித்தாள். அதற்குள் அவர் பூனை மாதிரி திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"இதுல எத்தனை கம்ப்யூட்டர் சேர்ந்திருக்குன்னு தெரியுமாம்மா?"

அவள் தன் போனில் பார்த்தாள். "நாலு சார்."

அவர் நகரவில்லை. கையைப் பிசைந்துகொண்டார். முகத்தில் இருந்த வீறாப்பு எங்கே போனதோ தெரியவில்லை, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"இன்னொரு தடவை பாரும்மா."

பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"சார், அஞ்சாவதா ஒரு கம்ப்யூட்டர் உள்ள வந்திருக்கு! மேல் வீட்டுல இருந்துதான் யாரோ திருடறாங்க. உடனே தடுத்துடறேன்."

"ஐயோ, தொடாதே!" அவர் சட்டென்று போனைக் கையால் மூடினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. மாடிப்படிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நானாக் குடுத்தா அவன் செத்தாலும் வாங்க மாட்டான்மா. அண்ணனை ஏமாத்திட்டோம்னு நெனைச்சாத்தான் சந்தோஷமா எடுத்துக்குவான்!"