பிரமிடு பார்த்த மாப்பிள்ளை

“இது எகிப்தும் இல்ல, கிகிப்தும் இல்ல. அரியலூர் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கே, அங்க படுதாவைத் தொங்க விட்டு அதுக்கு முன்னால நின்னு எடுத்தது!”

சிவசுப்பிரமணியன் கையிலிருந்த போட்டோவைப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார். அதில் பட்டாள உடுப்பில் பஞ்சநாதன் விறைப்பாக நின்றான். பின்னால் பிரமிடு. ஓரத்தில் ஓர் ஒட்டகம், அவனை முகர்ந்து பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

அதே பஞ்சநாதன்தான் எதிரில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தான். ஜெர்மன் சண்டை முடிந்து, பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பி, பெரம்பலூருக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். பார்த்தான், பிடித்துவிட்டது. சிவசுப்பிரமணியனின் மகள் ஜெயலட்சுமிக்கும் பிடித்திருந்தது என்பது கதவு இடுக்கில் தெரிந்த ஒற்றைக் கண்ணிலேயே விளங்கியது. பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். பெருமைக்கு அந்தப் போட்டோவை எடுத்து நீட்டியதுதான் வினை.

“சத்தியமா எகிப்துதாங்க மாமா. பட்டாளத்துல லாரி ஓட்டுனேன். ஒருநாள் லீவு குடுத்தாங்க, போய்ப் பார்த்தேன்.”

“உள்ள என்ன சாமி?”

“சாமி இல்லீங்க. ராஜாவோட சமாதி.”

“சமாதியைப் பார்க்கவா அம்மாந்தூரம் போனே? சரி, உள்ள எப்படி இருந்துச்சு?”

பஞ்சநாதன் தலையைச் சொறிந்தான். “உள்ள போகலீங்க. பொழுது சாயறதுக்குள்ள கேம்புக்குத் திரும்பணும்னுட்டாங்க.”

“கேட்டியா ஜெகதா! கோயிலுக்குப் போனானாம், வாசலோட வந்துட்டானாம்!” சிவசுப்பிரமணியன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, நான் யாருன்னு தெரியுமா?”

ஊருக்கே தெரியும். அவர் ‘ரங்கூனார்’. இளவட்டமாக இருந்தபோது ஒரு வருஷம் ரங்கூனில் இருந்துவிட்டு வந்தவர். பஞ்சாயத்தானாலும் பந்தியானாலும், கடல் தாண்டியவர் என்று அவருக்குத்தான் முதல் மரியாதை. ரங்கூன் தங்கக் கோபுரத்தின் முன்னால் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் கூடத்துச் சுவரில் தொங்கியது. கோபுர உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி. அது என்னவென்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கு அவரே சொல்வார்.

“அந்தக் கறுப்பைப் பாரு. மொத நாள் ராத்திரி இடி விழுந்த எடம். என் கண்ணால பார்த்தேன். அதுக்குப் பேரு போட்டோ! ரங்கூன் பார்த்தவன்ட்டயே வந்து படுதாவைக் காட்டுறியே, பொய் சொல்றவனுக்கு எப்படிப்பா பொண்ணைக் குடுக்கறது?”

பஞ்சநாதனின் அம்மா வீராயிக்குச் சுருக்கென்றது. “எம் புள்ளைக்குப் பொய் சொல்ல வராதுங்கண்ணே. வந்திருந்தா, உள்ள போனேன்னுல்ல சொல்லியிருப்பான்?”

இந்த நியாயம் ஜெகதாம்பாளுக்குச் சரியென்று பட்டது. “ஏங்க, ஸ்டுடியோவும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. தம்பியக் கூட்டிக்கிட்டு நேராப் போய்க் கேட்டுட்டு வந்துடுங்களேன். இந்தப் படுதா அங்க இருந்தா இவங்க வந்த வழியே போகட்டும். இல்லேன்னா தேதி குறிச்சிடுவோம்.”

“இன்னிக்குத் திங்கக்கெழமை. கெழக்கே சூலம்.”

“தயிரு சாப்புட்டுட்டுப் போனா சூலம் ஒண்ணும் பண்ணாது.”

அவள் சொல்லி வாயை மூடவில்லை, உள்ளேயிருந்து தயிர்க் கிண்ணம் வந்துவிட்டது. கொண்டுவந்தவள் ஜெயலட்சுமி.

பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய பஸ் ஒவ்வொரு மேட்டிலும் நின்று மூச்சு வாங்கியது. எப்படியாவது இவரைச் சமாதானப்படுத்தவேண்டுமே என்று பஞ்சநாதன் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

“ரங்கூன்ல எந்தப் பக்கம் இருந்தீங்க மாமா?”

“எல்லாப் பக்கமுந்தான்” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் இன்னும் ஆறவில்லை, ஜெயலட்சுமி தனக்கில்லை என்று பஞ்சநாதன் நொந்துபோனான்.

ஸ்டுடியோவில் ஓர் இளைஞன் எழுந்து வரவேற்றான்.

“பெரியவர் இல்லையா?” என்றார் சிவசுப்பிரமணியன், வாசலில் நின்றபடியே.

“அத்தா மௌத்தாயி ரெண்டு வருஷமாச்சுங்க. நான் அவங்க மகன் ஷஃபியுல்லா. இப்ப நான்தான் பார்த்துக்கிறேன். உள்ள வாங்க, உக்காருங்க.”

சிவசுப்பிரமணியன் உள்ளே வந்து தாராளமாக உட்கார்ந்தார். பஞ்சநாதன் போட்டோவை நீட்டினான். ஷஃபியுல்லா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இது நம்ம எடுத்த படம் இல்லீங்க. நம்மகிட்ட பிரமிடு படுதாவே கெடையாது.”

பஞ்சநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமனாரின் முகத்தைப் பார்த்தான். தோற்றுப்போனவர் ஏனோ தகராறு எதுவும் பண்ணவில்லை.

“சரி சரி, நெசமாத்தான் இருக்கும். வா தம்பி, கெளம்புவோம்” என்று அவசரமாக எழுந்தார்.

வந்த கிராக்கியை விட ஷஃபியுல்லாவுக்கு மனமில்லை. “இருங்க சார், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போங்க. அத்தா காலத்துலேர்ந்து நம்மகிட்ட ஒரே படுதாதான். ஆனா அசல் வெளிநாடு தோத்துடும்!” என்று கயிற்றை இழுத்துவிட்டான்.

படுதா சரசரவென்று இறங்கியது. தகதகவென்று ரங்கூன் தங்கக் கோபுரம் எதிரில் நின்றது.

“உச்சியில மட்டும் ஒரு ஓட்டை, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எலி கடிச்சதாம். படத்துல கொஞ்சம் கறுப்பா விழும், பரவால்லீங்களா?”

பஞ்சநாதன் மெதுவாகத் திரும்பினான். காலையிலிருந்து அவனை வாய்க்கு வாய் ‘நீ’ போட்டுப் பேசிய ரங்கூனார், அவனுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“வைகாசியிலயே முடிச்சிடலாங்களா, மாப்ளே?”