நிறுத்தத்துச் சுவரில் மாதா

பேருந்து நிறுத்தத்தின் பின்சுவரில் மாதா உட்கார்ந்திருக்கிறாள். நீல முக்காடு, தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம், எல்லாம் சரிதான். ஆனால் ஓவியன் அவளை இந்த நிறுத்தத்துப் பெஞ்சிலேயே உட்காரவைத்து, ஒரு செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தை மறுமுழங்காலில் போட்டுப் பிடித்துவிடுகிற மாதிரி வரைந்துவிட்டான். வீடு வீடாக ஏறி இறங்கி எதிர்ப்புக்கு ஆள் சேர்த்த அண்ணி, அது அழிவதைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறாள், துணைக்கு நாத்தனார். “கர்த்தரைப் பெத்தவங்க இப்படியா காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு உக்காருவாங்க? பாக்கவே மனசு பதறுது” என்கிறாள் அண்ணி. படத்தின்மேல் அடிக்கப் பெயின்டர் வெள்ளையைக் குச்சியால் கலக்குகிறார். சாய்ந்த வெயில் சுவரில் அந்தப் பாதத்தின்மேல் வந்து விழுகிறது. காலையிலிருந்து அலைந்த களைப்பில் அண்ணி பெஞ்சில் சாய்கிறாள்; ஒரு செருப்பை உதறுகிறாள்; பாதத்தை முழங்கால்மேல் எடுத்துப் போட்டுக் கண்ணை மூடிக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். நாத்தனார் சுவரைப் பார்க்கிறாள், அண்ணியைப் பார்க்கிறாள். “அண்ணே, கொஞ்சம் இருங்க.” பெயின்டர் சுவரை நோக்கித் தூக்கிய ரோலர் அந்தரத்தில் நிற்கிறது, வெள்ளை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. “ஏன்டி நிறுத்தச் சொன்ன?” என்கிறாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. “ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க அப்படியே உக்காந்திருங்க.”