வெள்ளெலி வீட்டுக்கு வழி

“அது என் வீடு இல்லக்கா, பாம்புப் புத்து! அங்க என் குட்டிகளை அனுப்பிடாதீங்க!” வெள்ளெலிக்கு மூச்சு இரைத்தது.

“யாரோ உன் சீழ்க்கையை அடிச்சு, வெள்ளெலி வீடு இனிமே அங்கதான்னு சொன்னாங்க,” என்றது கிளையிலிருந்த தவிட்டுக்குருவி. “அடிச்சது யாருன்னு பாக்கறது எங்க வழக்கமில்ல.”

குட்டிகள் கடலைக் காட்டுக்குப் போயிருந்தபோது பழைய வளை மழையில் இடிந்துவிட்டது. புது வளைக்கு அவற்றுக்கு வழி சொல்லத்தான் வெள்ளெலி குருவிகளுக்குக் கம்புத் தானியம் கொடுத்து, தனக்கென்று ஒரு ரகசியச் சீழ்க்கையும் வாங்கியிருந்தது. அதை அடித்துச் சொல்லும் இடத்தைத்தான் குருவிகள் வெள்ளெலி வீடு என்று காட்டும். மறந்துவிடுமோ என்ற பயத்தில் வேலியோரம் நின்று அதை அடிக்கடி அடித்துப் பார்த்தது. பாம்பு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

“இப்ப நான் அடிக்கிறேன், மாத்துங்க.”

“வீட்டை மாத்தினவங்களே அந்தச் சீழ்க்கையையும் மாத்திட்டாங்களே. உன் பழசு இனிமே செல்லாது.”

“உங்க பெரியவர்கிட்டயாவது சொல்லுங்க!”

குருவிகள் சிரித்தன. “பெரியவரா? முன்னாடி வழி சொல்லிட்டிருந்த ஆந்தை ஒருத்தன் கையில எல்லாம் இருக்கறது பயமாருக்குன்னுதானே எங்ககிட்ட வந்தே? இங்க யாரும் பெரியவர் இல்லடி. ஒருத்தர் சொல்றதைத்தான் எல்லாரும் சொல்லுவோம்.”

பொழுது சாய்ந்தது. ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு சின்னக் குரல், “அக்கா, வெள்ளெலி வீடு எங்க?” என்று கேட்டது. மரத்துக்கு மரம் குருவிகள் உற்சாகமாக வழி சொல்லத் தொடங்கின.

குட்டிகள் எந்தப் பக்கமாக வந்தாலும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான். வெள்ளெலி அங்கே ஓடியது. உள்ளே ஏதோ நகர்ந்தது. வெள்ளெலி புற்றின் வாயைத் தன் முதுகால் அடைத்து, பாதையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.