குனிந்திருந்த கிழமை

லண்டனில் விழித்திரை அறுவை படித்து 1989இல் ஊர் திரும்பிய டொக்டர் தியாகலிங்கம், தீவுகளில் பெரும்பாலும் கண்புரையையும் நீரிழிவால் பழுதான கண்களையுமே பார்த்தார். மண்டைதீவு அல்போன்சம்மாவுக்கு மட்டும் ஒரு கண்ணில் விழித்திரை கழன்றிருந்தது. உள்ளே வாயு ஏற்றி அதை ஒட்டவைத்தார். ஒரு கிழமை, ஏழு நாளும், முகம் குனிந்தே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் அந்தக் கண் போய்விடும்.

கிழமை முடிய, அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்.

"நிமிரேல்லைத்தானே?"

"எங்கை ஐயா! ஒரு கிழமையா என்ரை காலோடைதான் அம்மா கதைக்கிறா" என்றாள் மகள் மேரிஜோசப்பின்.

"அவரும் முந்தநாள் தொடக்கம் வந்து முன்னாலை நிக்கிறார். பெருவிரல் இல்லாத கால். முகத்தைப் பாக்க ஆசையாத்தான் இருந்தது. கண்ணுக்காகப் பொறுத்தனான்" என்றாள் அல்போன்சம்மா.

மகளின் குரல் தணிந்தது. "அப்பா கடலுக்குப் போய் ரெண்டு வருசம், ஐயா. வள்ளம் மட்டும்தான் திரும்பி வந்தது."

அவள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

"இனிப் பயமில்லை, நிமிரலாம்" என்றார் டொக்டர்.

"நிமிந்தாப் போயிடுவார், ஐயா."

அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிவிட அவர் குனிந்தார். அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், சிமெந்து நிலத்தில், ஈரமான வெறுங்கால் ஒன்று நின்றது. அதில் பெருவிரல் இல்லை.

டொக்டரும் நிமிரவில்லை.